கதவுக்கு முட்டுக் கொடுத்த பெட்டி

நவம்பர் 3
கடையிலிருந்து

தங்கச்சிக்கு,

போன் போட்டால் கட் பண்ணுகிறாய். மாப்பிள்ளை எடுத்தால், "அவ வேலையா இருக்கா மச்சான்" என்று நீ பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறார். பாவம், அவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பு இருந்தால் சிரித்துத் தொலை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் லைசென்ஸ் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். தங்கமான மனிதர். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "இந்தச் சான்றிதழ்ல பேர் இருக்கறவங்க எங்க?" என்றார்.

"என் தங்கச்சிங்க. புருஷனுக்கு மாற்றல் ஆயிடுச்சு. அவங்களும் போயிட்டாங்க."

அவர் கப்பைக் கீழே வைத்தார். "கடை உங்க பேர்ல இருக்கலாம் சார். ஆனா வேலைக்குப் பொறுப்பு லைசென்ஸ் இருக்கறவங்கதான். அவங்க இல்லாம நீங்க ஏசியும் மாட்டக்கூடாது, ஹீட்டரும் மாட்டக்கூடாது. ஃபேன் வேணா துடைக்கலாம்."

ஜனவரி கடைசி வரை டைம் கொடுத்திருக்கிறார். அதற்குள் நீ திரும்பி வர வேண்டும், இல்லை லைசென்ஸ் உள்ள வேறு ஆள் வர வேண்டும், இல்லை நானே பரீட்சை எழுதி வாங்க வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து குழாய் வளைக்கிறவனுக்குப் பரீட்சை! அதுவும் சும்மா எழுத விடமாட்டார்களாம். இவன் குளிரூட்டும் வேலையும் வெப்ப வேலையும் என் மேற்பார்வையில் ஒழுங்காகச் செய்தான் என்று பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பாளர் யார்? நீ. அண்ணன்காரன் தங்கச்சியிடம் 'நான் ஒழுங்கு' என்று எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. எல்லாம் நேரம்.

இத்துடன் அந்தத் தாளை வைத்திருக்கிறேன். இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். குளிருக்கு முன்னால் ஜன்னல் இடுக்கெல்லாம் ரப்பர் பட்டி வைத்து அடைத்துவிட்டேன். சமையலறைக்குப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டால் விமானம் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. உன் அண்ணிக்குத்தான் எப்போது பார்த்தாலும் தலைவலி. வேலை செய்யும்போது ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாளே, அதுவும் நின்றுவிட்டது. நீ கோபித்துக்கொண்டு போனதால் என்கிறாள். என் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது இந்த வீட்டில் புதிதா என்ன?

அண்ணன்


நவம்பர் 12

கடை முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. "கடை அப்பா எனக்கு வச்சுட்டுப் போனது. நீ சுவத்துல மாட்டற காகிதத்துக்கு மட்டும்தான்" என்று தையல்காரம்மா வீட்டு வாசலில் நின்று கத்தினீர்களே, அந்தக் காகிதம் இல்லாமல் கடை நடக்காது என்று இப்போது தெரிந்ததா? சந்தோஷம்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இந்த ஊரில் என் லைசென்ஸில் பாதிதான் செல்லுமாம். ஏசி வேலைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஹீட்டர் வேலைக்கு வேறு விதியாம், வேறு பரீட்சையாம். ஆபீசில் முதல் ஜன்னலில் கேட்டால் மூன்றாவதுக்குப் போகச் சொல்கிறார்கள். மூன்றாவதில் ஒரு அம்மா, "இதை முதல் ஜன்னல்லயே கேட்டிருக்கலாமே?" என்கிறார். நான் திருதிருவென்று விழிக்கிறேன். அதுவரை ஒரு பெரிய கடையில் வேலை. வேலை என்றால் ஃபில்டர் கழுவுவதும் ஏணி பிடிப்பதும். என்னைவிடச் சின்னப் பையன்கள் எல்லாம் "ஃபில்டர் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். ராத்திரி அவரிடம் சொல்லி அழுதேன். அவர், "ஏணி நல்லாப் பிடிக்கறேன்னு மேனேஜர் சொன்னாராமே" என்று ஆறுதல் சொன்னார். அந்த மனிதருக்கு ஆறுதலும் வராது.

சரி, உன் தாள். முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏசி வேலையில் உன்னைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இரண்டாவது கட்டத்தில் போடமாட்டேன். தையல்காரம்மா வீட்டில் நீ மாட்டிய கேஸ் ஹீட்டர் பக்கத்தில் வாயு மீட்டரைக் கொண்டுபோன உடனே அது வீலென்று கத்தியது. மேலே போக வேண்டிய விஷவாயு வீட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. அந்தம்மாவும் அவர் வீட்டுக்காரர் டிரைவர் ஐயாவும் தலைவலி, மயக்கம் என்று படுத்துக் கிடந்தார்கள். அதைக் கழற்றியதற்கு நீ என்னை ஊர் பார்க்க ஏசினாய். வெப்ப வேலை உனக்குத் தெரியும் என்று நான் எழுதிக் கொடுத்து, நாளைக்கு ஒரு வீட்டில் யாராவது எழுந்திருக்காமல் போனால்? என் அண்ணன் என்பதற்காக அந்த இடத்தில் என் கை ஓடாது.

போன் பண்ணாதே. எழுது. எழுதும்போதுதான் நீ கொஞ்சமாவது யோசிக்கிறாய்.

காகிதக்காரி


நவம்பர் 19
கடையிலிருந்து

தங்கச்சிக்கு,

பாதித் தாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இங்கேயும் உன் மூன்றாவது ஜன்னல் அம்மாவுக்கு ஒரு அக்கா இருக்கிறார் போல. "ஏசிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தா, கடையும் ஏசிக்கு மட்டும்தான்" என்கிறார். குளிர்காலத்தில் யார் ஏசி மாட்டுவார்கள்? பனிக்கரடியா?

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. அந்த ஹீட்டரை நான் சோதித்துவிட்டுத்தான் வந்தேன். சத்தியமாக. உள்ளே தீ நீலமாக எரிந்தது. தீக்குச்சியைப் பற்றவைத்து அணைத்துப் புகைக்குழாய் வாயில் காட்டினேன். புகை விறுவிறுவென்று குழாய்க்குள் போய் மேலே ஏறியது. என் கண்ணால் பார்த்தேன். நீ போனபோது உன் கண்ணால் வேறு ஒன்றைப் பார்த்திருக்கிறாய். ஒரே ஹீட்டர், ஒரே குழாய். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நான் பொய்யன் என்றால் பொய்யன் என்று சொல், ஒத்துக்கொண்டு போகிறேன். ஆனால் நான் பொய்யன் இல்லையே.

அன்றைக்குக் கத்தியது அதனால்தான். வேலை தெரியாதவன் என்று ஒரு வாடிக்கையாளர் முன்னால் தங்கச்சி காட்டிக் கொடுத்தால் எவனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

நீ கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு வேறு வழி இருக்கிறது. 'போட்டோ' என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். லைசென்ஸ் வைத்திருக்கிறார். ஊரில் பல கடைகளில் அவர் போட்டோவும் சான்றிதழும் தொங்குகின்றன. ஆள் மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. பெயரை வாடகைக்கு விடுகிறார். அவருடைய ஆள் வந்து பேசினான். "நீங்க ஒரு ஆணி அடிச்சா போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றான். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணிக்கு இன்னும் தலைவலிதான்.

அண்ணன்


நவம்பர் 27

அண்ணனுக்கு,

அந்த போட்டோவை மட்டும் மாட்டினாய் என்றால் என் முகத்தில் விழிக்காதே. அப்பா உட்கார்ந்த கடை அது. முகம் தெரியாத ஒருவன் பெயரில் நீ யார் வீட்டுக்குள் போய் கேஸைத் திறப்பாய்? ஏதாவது நடந்தால் அவன் போட்டோ வந்து பதில் சொல்லுமா?

சொல்லிவிட்டேன். இனி எப்படிச் சொல்வதென்று தெரியாத ஒன்று. இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

ஹீட்டர் பரீட்சைக்கு என்னிடமும் அனுபவச் சான்று கேட்கிறார்கள். நான் யார் கீழே வேலை செய்தேனோ அவர் கையெழுத்து வேண்டுமாம். "அது எங்க அப்பா, இப்ப இல்லை" என்றேன். மூன்றாவது ஜன்னல் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப அந்தக் கடை இப்ப யார் பேர்ல இருக்கோ அவர் போடலாம்மா" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் உனக்குப் போட வேண்டும். நீ எனக்குப் போட வேண்டும். நான் உனக்குப் பாதிதான் போட்டிருக்கிறேன். இப்போது எந்த முகத்தோடு உன்னிடம் கேட்பது? போதாததற்கு, அந்தக் கடையின் பொறுப்பாளராக என் பெயர் இருக்கும்வரை இங்கே பொறுப்பு லைசென்ஸ் தரமாட்டார்களாம். என் பெயரை இறக்கினால் உன் கடை மூடும். இறக்காவிட்டால் நான் காலம் பூரா ஃபில்டர் அக்கா. யாரை யார் பிடித்துத் தொங்குகிறோம் என்றே தெரியவில்லை.

தாளை வைத்திருக்கிறேன். போடுவதும் போடாததும் உன் இஷ்டம். பதிலுக்குப் பதில் என்று நினைத்துவிடாதே. உன் இரண்டாவது கட்டம் அப்படியே காலியாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு இணைப்பிலும் குறை இல்லை. நீ செய்தது சுத்தமான வேலை. அப்புறம் ஏன் மீட்டர் கத்தியது என்பது எனக்கும் அன்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. நீ பொய்யன் இல்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் மிட்டாய் திருடினால்கூட நீயே வந்து சொல்லி அடி வாங்குவாய். அதனால் நிதானமாக எழுது. சோதித்தபோது நீ எங்கே நின்றாய்? வீட்டில் எது எது எப்படி இருந்தது?

அண்ணிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும். டாக்டரிடம் அழைத்துப் போ.

தங்கச்சி


டிசம்பர் 6
கடையிலிருந்து

தங்கச்சிக்கு,

முதலில் உன் தாள். கையெழுத்துப் போட்டாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று. 'குறிப்பு' என்று ஒரு இடம் இருந்தது. அதில், "இவர் வேலை செய்த வீட்டில் நான் குடும்பத்தோடு நிம்மதியாகத் தூங்குவேன்" என்று எழுதினேன். அண்ணி படித்துப் பார்த்துவிட்டு, "இதை அவகிட்ட நேர்ல சொல்ல வாய் வலிச்சுதா?" என்றாள். பதிலுக்குப் பதில் என்று நான் நினைக்கவில்லை. என் கட்டம் காலியாகவே இருக்கட்டும். போட்டோவின் ஆளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இனி நீ கேட்டது. அந்த வீட்டில் ஹீட்டர் இருப்பது சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு அலமாரி மாதிரி அறை. நான் உள்ளே போனால் கதவு சாத்த இடமில்லை, என் தொப்பையைத்தான் உனக்குத் தெரியுமே. அதனால் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வாசல் கதவுக்கு எப்போதும் போல டூல்ஸ் பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தேன். அப்பா காலத்திலிருந்து அப்படித்தானே, ஏணியும் குழாயும் போய் வர. தையல்காரம்மா "குளிருது தம்பி" என்று முனகிக்கொண்டே மெஷினில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் யாரும் இல்லை. தீக்குச்சி காட்டினேன், புகை போனது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இதில் என்ன தப்பு? சொல்லு, நான் குழம்பிப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணிக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. புதுக் கண்ணாடியில் என் வழுக்கை நன்றாகத் தெரிகிறதாம். தலைவலி மட்டும் போகவில்லை.

அண்ணன்


டிசம்பர் 13

அண்ணா,

குறிப்பைப் படித்தேன். மூன்றாவது ஜன்னல் அம்மாவும் படித்தார். "இதை இங்க எழுதக்கூடாதும்மா, ஆனா இருக்கட்டும்" என்றார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் மை கலைந்துவிடும்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பெட்டி என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன். நான் அந்த வீட்டுக்குப் போனபோது பெட்டி கொண்டுபோகவில்லை. மீட்டர் மட்டும்தான் கையில் இருந்தது, கழற்றுவதற்குப் பிறகுதான் பெட்டியை எடுத்து வந்தேன். உள்ளே போனதும் தையல்காரம்மா, "சீக்கிரம் கதவைச் சாத்தும்மா" என்றார், சாத்தினேன். சமையலறையில் அவர் அடுப்பில் ஏதோ வைத்திருந்தார், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அவ்வளவுதானா என்றும் தெரியவில்லை. கதவு சாத்தியிருக்கும்போது ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அந்தக் காற்றுக்கு ஈடாக வீடு எங்கிருந்தாவது காற்றை உறிஞ்ச வேண்டும். வேறு வழியில்லாமல் புகைக்குழாய் வழியாகவே உறிஞ்சினால்? இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நானும் இத்தனை வருடமும் பெட்டியை முட்டுக் கொடுத்துத்தானே சோதித்தேன். அப்பா அப்படித்தான் காட்டினார் என்று ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

நீ அந்த வீட்டுக்குப் போ. இப்போது அங்கே வேறு ஹீட்டர் மாட்டியிருப்பார்கள். பெட்டியை வெளியே வை. வாசல், ஜன்னல், அலமாரி அறை, எல்லாக் கதவையும் சாத்து. தொப்பையை உள்ளே இழுத்துக்கொள். இருக்கிற ஃபேனை எல்லாம் போடு. மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டு. புகை மேலே போனால் ஒன்றையும் தொடாமல் வணக்கம் சொல்லிவிட்டு வா. உன் பக்கம் திரும்பினால் கேஸை மூடு, கதவைத் திற, அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போ. வேறு எதையும் கழற்றாதே, மாட்டாதே. இது நான் சொல்லி நீ செய்வது. புரிந்ததா?

தங்கச்சி


டிசம்பர் 20
கடையிலிருந்து

வாண்டு,



போனேன். தையல்காரம்மா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் பார்த்தார். "ஒரே ஒரு தீக்குச்சிம்மா, காசு வேண்டாம்" என்று கெஞ்சி உள்ளே நுழைந்தேன். அந்தம்மா நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தார், நம் வீட்டு மகாராணி மாதிரியே. டிரைவர் ஐயா பகலிலும் எழுந்திருக்கவில்லை. நீ சொன்னபடியே எல்லாவற்றையும் சாத்தினேன். ஃபேனைப் போட்டேன். தீக்குச்சியை அணைத்துக் காட்டினேன்.

புகை ஒரு நொடி நின்றது. அப்புறம் என் முகத்துக்கு நேராக வந்தது. மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. கதவைக் கொஞ்சம் திறந்தேன், புகை மேலே போனது. சாத்தினேன், கீழே வந்தது. பைத்தியக்காரன் மாதிரி இரண்டு தடவை திறந்து திறந்து சாத்திப் பார்த்தேன். நான் பார்த்ததும் உண்மை, நீ பார்த்ததும் உண்மை. நாம் இரண்டு பேரும் அந்த வாசலில் நின்று எதற்கு அப்படிக் கத்திக்கொண்டோம்?

கேஸை மூடினேன், எல்லாவற்றையும் திறந்தேன், டிரைவர் ஐயாவைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே நாற்காலியில் உட்கார வைத்தேன். அப்போதுதான் ஹீட்டர் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பொறுப்பாளர் யார் தெரியுமா? போட்டோ! அவர் பெயரைத்தான் நான் சுவரில் மாட்ட இருந்தேன்.

கதை இத்தோடு முடியவில்லை. அந்தப் புது ஹீட்டரை மாட்டிய கடைக்காரன் என் மேல் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டான். லைசென்ஸ் இல்லாதவன் அடுத்தவர் வேலையில் கை வைத்து கேஸை மூடினானாம். டீ குடித்த ஆபீசர் இந்த முறை டீ குடிக்கவில்லை. "யார் மேற்பார்வையில செஞ்சீங்க?" என்றார். "தங்கச்சி" என்றேன். "அவங்கதான் ஊர்லயே இல்லையே?" என்றார். உன்னிடம் போனில் கேட்பாராம். நீ இல்லை என்று சொன்னால் எனக்கு இனி பரீட்சையே கிடையாது. ஆமாம் என்று சொன்னால் உன் பெயருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு எது நல்லதோ அதைச் சொல். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

அண்ணன்


டிசம்பர் 24

அண்ணா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஆபீசர் நேற்றே பேசிவிட்டார். அதை முதலில் சொல்கிறேன். "உங்க அண்ணன் உங்க மேற்பார்வையிலதான் செஞ்சாரா?" என்றார். "ஆமாம்" என்றேன். "அவ்வளவு தூரத்துல இருந்தா?" என்றார். "ஆமாங்க, எழுதிக் கொடுத்தேன், எழுதினபடி செஞ்சிருக்கார், கடிதம் அவர்கிட்ட இருக்கு, வாங்கிப் பாருங்க" என்றேன். "தபால்ல மேற்பார்வை பண்ணலாம்னு விதி இருக்காம்மா?" என்றார். "கூடாதுன்னு இருக்கா சார்?" என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அவரும் குழம்பிவிட்டார், பாவம். உன் தாளை இன்னொரு பிரதி எடுத்து இரண்டாவது கட்டத்திலும்

அண்ணா, ஈரத்துணி என்று எழுதியிருக்கிறாய்.

நம் வீட்டு மகாராணி மாதிரியே என்று எழுதியிருக்கிறாய். உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்தாயிற்று. பெரிய ஃபேன் மாட்டியாயிற்று. அண்ணிக்குத் தலைவலி. நான் கண்ணாடி மாற்றச் சொன்னேன். கடவுளே, நான் கண்ணாடி மாற்றச் சொன்னேன்!

நம் வீட்டு ஹீட்டர் அப்பா மாட்டியது. அதையும் பெட்டியை முட்டுக் கொடுத்துத்தான் சோதித்திருப்பார். அப்போது அந்த ஃபேனும் இல்லை, ரப்பர் பட்டியும் இல்லை.

இதைத் தபாலில் போட்டால் எப்போது வந்து சேரும்? போன் பண்ணுகிறேன். எடு அண்ணா. எடு


டிசம்பர் 30

அண்ணா,

மேலே இருப்பதை அப்படியே சேர்த்து அனுப்புகிறேன். கிழிக்க மனம் வரவில்லை.

நீ போனை எடுத்ததும் "என்ன வாண்டு, திடீர்னு?" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் என்ன கத்தினேன் என்றே நினைவில்லை. "கதவைத் திற, கதவைத் திற" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேனாம், இவர் சொல்கிறார். நீ போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிய சத்தமும், ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தமும், "எழுந்திரும்மா, எழுந்திரு" என்ற உன் குரலும் கேட்டன. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அண்ணி, "ஏங்க, குளிருதுங்க" என்று சொன்னது கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் இன்னும் சில நாள் தாமதமாகியிருந்தால் என்று சொன்னதை நீ நேற்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னாய். போதும் அண்ணா. உன் தப்பா, என் தப்பா, அப்பா தப்பா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தால் போதும்.

தாளில் இரண்டு கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது. பாசத்தில் போடவில்லை. நான் எழுதியதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூட நீ தொடவில்லை என்று தையல்காரம்மா ஆபீசரிடம் சொன்னாராம். அதற்காகப் போட்டேன்.

என் பெயரை நீ இப்போது இறக்க வேண்டாம். பரீட்சை முடியட்டும். ஃபில்டர் கழுவி எனக்குப் பழகிவிட்டது.

வாண்டு


ஜனவரி 19
கடையிலிருந்து

வாண்டு,

நேற்று இரவு இவ்வளவு நேரம் போனில் பேசிவிட்டு இன்றைக்கு எதற்குக் கடிதம் என்பாய். சிலது வாயால் வரமாட்டேன் என்கிறது.

பரீட்சை முடிந்தது. எழுத்துத் தேர்வில் கேட்டது பாதி எனக்குப் புரியவில்லை, எழுதியது பாதி அவர்களுக்குப் புரியாது. செய்முறையில் ஒரு அறையில் ஹீட்டரைக் காட்டிச் சோதிக்கச் சொன்னார்கள். கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் நேராகப் போய் நாற்காலியை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். "ஏங்க, உள்ள புழுங்குதே" என்றார் பரீட்சை வைப்பவர். "புழுங்கட்டும் சார்" என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

போட்டோவை நேரில் பார்த்தேன். விசாரணைக்கு வந்திருந்தார். அவ்வளவு கடையில் தொங்குகிற ஆள், நேரில் என் தோள் உயரம்தான் இருக்கிறார். தையல்காரம்மா வீடு எங்கே இருக்கிறது என்று ஆபீசர் கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாம் ஹீட்டர் மாட்டிய வீடுகளை எல்லாம் ஆபீசில் சொல்லிவிட்டேன். அவர்கள் ஆள் ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். அவர் மீட்டரைப் பிடிக்கிறார். நான் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அப்பா கடையின் முதலாளிக்கு இப்போது கதவு சாத்துகிற வேலை. சில வீடுகளில் புகை ஒழுங்காகப் போகிறது. சில வீடுகளில் போகவில்லை. போகாத வீட்டில் அவர்கள் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்கிறேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டையும் எப்படி வாங்கிக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இனி நீ திட்டப்போகிற விஷயம். உன் பெயரை இறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். நம் ஊர் ஜன்னல் அம்மா, "உங்க ரிசல்ட் வர்ற வரைக்கும் கடை மூடிக் கிடக்குமே சார், இந்தக் குளிர்ல" என்றார். "கிடக்கட்டும்மா, என் தங்கச்சி அங்க ஃபில்டர் கழுவிட்டு இருக்கா" என்றேன். நீ உன் லைசென்ஸை வாங்கு. நீ காகிதத்துக்கு மட்டும்தான் என்று நான் சொன்னதை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாளும் வேறு எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

சான்றிதழைக் கழற்றிய இடத்தில் சுவர் பளிச்சென்று இருக்கிறது. அங்கே வேறு எதையும் மாட்டவில்லை. நான் பாஸா பெயிலா என்று இன்னும் தெரியாது.

வீட்டில் புது ஹீட்டர் வந்துவிட்டது. வெளிக்காற்றை அதுவே குழாயில் இழுத்துக்கொள்கிற வகை. ஆபீஸ் ஆளே நின்று, எல்லாக் கதவையும் சாத்தி, அந்த விமான ஃபேனைப் போட்டுச் சோதித்தார். இன்று காலையில் நான் முன்னறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஏதோ சத்தம் கேட்டது. ரேடியோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் உன் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருக்கிறாள். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் ஷூவோடும் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "என்னங்க, கடைக்குப் போகலையா?" என்றாள். கடை மூடியிருப்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "போறேன், நீ பாடு" என்றேன்.

அண்ணன்